கொடுவாளுக்கு ஒரு டோக்கன்

என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது நான் ஒரு ஜவ்வரிசி ஆலையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். கள்ளக்குறிச்சியிலிருந்து வடக்கனந்தல் போகும் சாலையில் ஊர் முடிகிற இடத்தில் இருந்தது அந்த ஆலை. மரவள்ளிக் கிழங்கை எடை போட்டு வாங்கி, அரைத்து மாவெடுத்து, ஜவ்வரிசியாக்கி வறுத்து, களத்தில் காயவைத்துச் சேலத்துக்கு அனுப்புவார்கள். எடைமேடையை ஒட்டிய அறையில் எனக்கு ஒரு மேசை. வண்டிகளின் எடையைப் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுப்பேன். மேசைக்குப் பின்னால் ஒரு மரத்தூணுக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவே தூளி கட்டி மகனைப் போட்டிருப்பேன். புளித்த கிழங்குத் தண்ணீரின் நாற்றம் அவனுக்கு ஆகுமா என்று தினமும் யோசிப்பேன். யோசித்துக்கொண்டே தினமும் தூக்கிப் போவேன்.

மாமியார் ரிஷிவந்தியத்தில் இருந்தார். அவரிடம் விட்டுவிட்டு வரலாமே என்று பலரும் கேட்டார்கள். ஆனால் அது சாதிக்கு இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த சமயம். காலையில் ஓடிய பஸ் மாலையில் ஓடும் என்று சொல்ல முடியாது. எங்காவது ஒரு புளியமரத்தை வெட்டிச் சாலைக்குக் குறுக்கே சாய்த்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும். பிள்ளை அங்கே, நான் இங்கே என்று ஆகிவிட்டால்? அவன் புட்டிப்பாலை வாயில் வைக்கவே மாட்டான். சங்கராபுரத்தில் வேலை பார்த்த என் கணவரே பல நாட்கள் சைக்கிளில்தான் வீடு வந்து சேர்ந்தார்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் முதலாளி என் மேசைக்கு வந்தார். வேறோர் ஊரில் ஏதோ ஓர் ஆலைக்குள் ஒரு கும்பல் நுழைந்து கண்ணாடிகளை உடைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டிருந்தார். எங்கள் ஆலைக்கும் கேட் இருந்தது. ஆனால் அதை யாரும் சாத்திப் பார்த்ததில்லை; அதன் மேல் சாக்குகளைக் காயப்போடுவார்கள்.

"யம்மா, இனிமே எவன் உள்ள வர்றான், எதுக்கு வர்றான்னு தெரியணும். நீ தான் படிச்ச புள்ள. இன்னா ஏற்பாடு பண்லாம்னு பாத்துச் சொல்லு" என்றார். போகிற போக்கில் தூளியைப் பார்த்தார். "கேட்டு காவல் ஒழுங்கா இருந்தா இத இட்டுகினு வா. இல்லன்னா வேணாம். எதனா ஒண்ணு ஆச்சின்னா என்னால பதில் சொல்ல முடியாது."

நியாயமாகத்தான் சொன்னார். நான் சரியான ஏற்பாட்டைச் செய்தால் பிள்ளை என்னோடு இருக்கலாம். தவறாகச் செய்தால் பிள்ளையா வேலையா என்று ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

முதலில் சேலத்திலிருந்து வந்த ஓர் ஏஜெண்ட் கேட் பாஸ் புத்தகம் ஒன்றைக் காட்டினார். பெயர், தகப்பனார் பெயர், ஊர், யாரைப் பார்க்க வந்தார், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம். ஒவ்வொரு பாஸுக்கும் மூன்று நகல்கள்: வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, சிவப்பில் ஒன்று. அதைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் நல்ல மார்க் வாங்கியவர்களுக்கு இப்படிக் கட்டம் போட்ட காகிதத்தைக் கண்டால் ஒரு மயக்கம் வரும் என்று நினைக்கிறேன். ஒரு புத்தகம் வாங்கி வாட்ச்மேனிடம் கொடுத்தேன். அவர் வாழப்பாடிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்தவர். நல்ல மனிதர், ஆனால் எங்கள் பக்கத்து ஆட்களில் ஒருவரையும் தெரியாது.

பத்து மணிக்குள் வண்டிகள் சாலை வரை நின்றுவிட்டன. கைநாட்டு வைப்பவர்களுக்கு மைப்பெட்டி தேட வேண்டியிருந்தது. அதைவிட, தகப்பன் பெயரையும் ஊரையும் கேட்டவுடன் வரிசையில் நின்றவர்களின் பேச்சு நின்றுபோனது. வாட்ச்மேனுக்குப் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். கிழங்கு வண்டியோடு வந்த ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஊரு மட்டும் போதுங்களா? தெருவும் சொல்லணுங்களா?"

எங்கள் பக்கத்தில் தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்னதாகிவிடும். அந்த நாட்களில் அது வெறும் விவரமாக இருக்கவில்லை. என் முகம் சூடானது. "எதுவும் வேணாங்க, போங்க" என்றேன். புத்தகத்தை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன். வாங்கியது வீண்தானே என்று அதன்பிறகு அந்த இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் தோன்றும்.

அந்த வாரமே இன்னொன்று நடந்தது. கல்வராயன் மலையிலிருந்து கிழங்கு கொண்டுவந்த ஒருவர் சீட்டு வாங்க என் அறைக்குள் வந்தார். இடுப்புத் துண்டை அவிழ்த்துக் காசு எண்ணுவதற்காகத் தன் கொடுவாளைத் தூணில் சாய்த்து வைத்தார். தூளி கட்டியிருந்த அதே தூண். மகன் விழித்துக்கொண்டு தூளிக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டிருந்தான். பளபளப்பான எதைக் கண்டாலும் நீட்டுவான். கைக்கும் கத்திக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. நான் கத்தியதில் அந்த மலைக்காரர் காசையெல்லாம் கீழே போட்டுவிட்டார்.

"புள்ளைய பாக்கலியே யம்மா" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர்மேல் தவறில்லை. மலையில் இருப்பவர்களுக்கும் கரும்பு வெட்டுபவர்களுக்கும் கொடுவாள் கையின் ஒரு பகுதி மாதிரி. ஆனால் அன்று எனக்கு ஒரு முடிவு வந்துவிட்டது. யார் வருகிறார் என்பதைவிட என்ன கொண்டுவருகிறார் என்பதைப் பார்க்க வேண்டும். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். கத்தியை மட்டும் கேட்டில் வைத்துவிட்டு வரட்டும்.

வழி சினிமாக் கொட்டகையின் சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து கிடைத்தது. ஒரே எண்ணில் இரண்டு தகர வில்லைகள். ஒன்று சைக்கிளுக்கு, ஒன்று ஆளுக்கு. லேத்துப் பட்டறையில் சொல்லி வில்லைகள் வெட்டி எண் குத்தி வாங்கினேன். கேட்டை ஒட்டி, காய்ந்த கரும்புச் சோகையால் கூரை வேய்ந்த ஒரு கொட்டாய் இருந்தது. அதில் கோணி விரித்து, கொடுவாள்களை எண் வாரியாக அடுக்கி, ஒவ்வொரு பிடியிலும் சணலில் ஒரு வில்லையைக் கட்டும்படி வாட்ச்மேனிடம் சொன்னேன். முதல் நாள் கேலி செய்தார்கள். "படம் எப்ப யம்மா போடுவாங்க?" என்றார்கள். பிறகு பழகிவிட்டது. முதலாளி வந்து பார்த்து, "பேங்க்கு மாதிரி இருக்குது" என்றார். அந்த வார்த்தையில் ஒரு வாரம் நன்றாகத் தூங்கினேன்.

பெரிய மறியல் வரப்போகிறது, பல நாட்கள் சாலையில் ஒன்றும் ஓடாது என்று பேச்சு பரவியது. தோண்டிய கிழங்கைப் போட்டு வைக்க முடியாது, கெட்டுவிடும். அதற்குள் தள்ளிவிட வேண்டும் என்று எல்லோரும் ஒரே நாளில் வந்துவிட்டார்கள். களம் முழுக்க ஆட்கள். வறுக்கும் அடுப்புக்கு விறகு கொண்டுவந்தவர்களும் அன்றைக்குத்தான் வந்தார்கள். அவர்களின் கோடாலிகளும் கோணியில் சேர்ந்தன. முதலாளி சேலத்துக்குப் போயிருந்தார்.

மதியத்துக்குச் சற்று முன் போலீஸ் ஜீப் ஒன்று கேட்டில் நின்றது. சாலையில் மரங்களை யார் வெட்டுகிறார்கள் என்று தேடிக்கொண்டிருந்த நேரம் அது. சப்-இன்ஸ்பெக்டர் தண்ணீர் கேட்கத்தான் இறங்கினாராம். கொட்டாய்க்குள் பார்த்தவர் தண்ணீரை மறந்துவிட்டார்.

நான் அழுத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது அவர் வாட்ச்மேனைப் பிடித்துக்கொண்டிருந்தார். "இன்னாய்யா இது? டோக்கன் போட்டு சப்ளை பண்றீங்களா?"

"இல்ல சார், வர்றவங்க வெச்சிட்டுப் போனது சார். அம்மாதான் சார் வாங்கி வெக்கச் சொன்னாங்க."

"எந்த அம்மா?"

வாட்ச்மேன் என்னைக் காட்டினார். அந்தக் கோணியை அப்போதுதான் சப்-இன்ஸ்பெக்டரின் கண்ணால் பார்த்தேன். வரிசையாக, எண் கட்டி, சுத்தமாக. ஒரு கலவரத்துக்கு ஆயுதம் தயாரித்து வைப்பவன்கூட இவ்வளவு ஒழுங்காக வைத்திருக்க மாட்டான். பயத்தோடு பயமாக, எண்கள் மாறாமல் இருக்கின்றனவா என்றும் பார்த்தேன். மாறாமல்தான் இருந்தன.

"இது யார் யாருதுன்னு பேரு இருக்குதா?" என்று கேட்டார்.

"பேரு எழுதறதில்ல சார்."

"எழுதறதில்லையா? சரி. மரம் வெட்டின கோடாலி எது, வெறகு வெட்டின கோடாலி எதுன்னு நான் எப்டிம்மா தெரிஞ்சிக்கறது? கோடாலி சொல்லுமா?" அவர் திரும்பி, "எல்லாத்தையும் ஜீப்புல ஏத்துங்கய்யா" என்றார்.

களத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். யாரும் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தூணில் கொடுவாளைச் சாய்த்த அந்த மலைக்காரர் மட்டும் முன்னால் வந்து, தகர வில்லையை நீட்டி, "அய்யா, அது இல்லாம காட்டு வழியில நான் எப்டிப் போறது?" என்றார். அவருக்குப் பின்னால் எல்லோரும் ஓர் அடி நகர்ந்தார்கள். ஒரு பக்கம் ஆட்கள், ஒரு பக்கம் போலீஸ், நடுவே கோணி. கோணிக்குப் பக்கத்தில் நானும் பிள்ளையும். பிள்ளைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்றுதான் இவ்வளவையும் ஓரிடத்தில் குவித்து வைத்திருந்தேன்.

எனக்குச் சபையில் பேசிப் பழக்கம் இல்லை. "சார், அவங்க கையப் பாருங்க" என்றேன். குரல் சரியாக வரவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "எல்லார் கையும் வெறுங்கை சார். உள்ள ஒருத்தருகிட்டயும் கத்தி இல்ல. அதுக்குத்தான் சார் இத வெச்சேன். கொழந்தைய வெச்சிகினு வேல பாக்கறேன்."

அவர் களத்தைப் பார்த்தார். பிறகு பிள்ளையைப் பார்த்தார். அவன் அவருடைய தொப்பியின் பளபளப்பைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தான். அவரோடு வந்திருந்த போலீஸ்காரர்கள் மூன்று நான்கு பேர்தான் என்பதும் அவருக்குத் தோன்றியிருக்கலாம்.

"கூட்ரோடு வரைக்கும் போய்ட்டு வர்றேன்" என்றார். "திரும்பி வர்றப்ப இங்க ஒரு பேனாக்கத்தி கூட இருக்கக் கூடாது. அவனவன் பொருள் அவனவன் வண்டியில இருக்கணும். ஒண்ணா சேத்து வெச்சா அது வேற கேசு, புரியுதா?" கோடாலிகளை மட்டும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்.

வாட்ச்மேன் எண்ணைக் கூப்பிட, ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். தள்ளுமுள்ளு இல்லை. ஜீப் திரும்புவதற்குள் கோணி காலியாகிவிட்டது. டோக்கன் முறையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. விறகுக்காரர் ஒருவர்தான் பல நாட்கள் என்னை விடவில்லை. "யம்மா, உன் டோக்கன் எங்கிட்ட பத்தரமா இருக்குது. என் கோடாலி எங்க?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பார். முதலாளி புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்த பிறகும் வில்லையைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்.

முதலாளி சேலத்திலிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. பிள்ளையை நாளையிலிருந்து எங்கே விடுவது என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன்.

"கத்திய வாங்கறதும் வேணாம், காயிதமும் வேணாம்" என்றார். "ஆளப் பாத்தா தெரியிறவங்க கேட்டுல ஒக்காரணும். இவரு வாழப்பாடிக்காரரு, இவருக்கு யாரத் தெரியும்? நீ தெனம் சீட்டு எழுதறவ, உனக்கு எல்லாரையும் தெரியும். மேசைய எடுத்துக் கொட்டாயில போட்டுக்க. தெரியாத மூஞ்சியா இருந்தா மட்டும் நிறுத்து."

"கொழந்தைய இட்டுகினு வரலாங்களா?" என்று கேட்டேன்.

அவர் தூளியைப் பார்த்தார். "நீ இல்லாம அது இருக்காது. அது இல்லாம நீ இருக்க மாட்ட. இட்டுகினு வா, வேற இன்னா பண்றது."

வீட்டில் கணவரிடம் சொன்னேன். "கேட்டுலயா? ரோட்டு மேலயா? உள்ள இருந்ததுக்கே நீ பயந்துகினு இருந்த!" என்றார். அவர் சொன்னது சரி. முதலாளி சொன்னதும் சரி. பிள்ளையை அருகில் வைத்துக்கொள்ள நான் தேடிய ஏற்பாடு, கடைசியில் அவனை ஆலையிலேயே சாலைக்கு மிக அருகில் கொண்டுவந்து வைத்தது. வேலையை விட்டுவிடலாமா என்று இரண்டு மூன்று தடவை விடிய விடிய யோசித்தேன். பிறகு மேசையை மாற்றிவிட்டேன்.

கொட்டாயின் மூங்கிலில் தூளியைக் கட்டினேன். மறியல் முடிந்து வண்டிகள் வரத் தொடங்கிய நாளில் அந்த மலைக்காரர்தான் முதலில் வந்தார். மேசைக்கு முன்னால் நின்றவர் தூளியைப் பார்த்தார். நான் எதுவும் சொல்வதற்குள் கொடுவாளைக் கூரைச் சோகையில், இறவாரத்துக்குள், பிடி மட்டும் தெரிகிற மாதிரி செருகிவிட்டு உள்ளே போனார். மலையில் வீட்டுக்குள் நுழையும்போது அப்படித்தான் செய்வார்கள். அடுத்து வந்தவரும் பிடிகளைப் பார்த்துத் தன்னுடையதைச் செருகினார். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. போகும்போது அவரவர் பிடியை உருவிக்கொண்டு போனார்கள். சப்-இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கம் போகும்போது சில நாட்கள் தண்ணீர் குடிக்க நிற்பார். கூரையை ஒரு தடவை பார்ப்பார். "பையன் நடக்கிறானா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

முதலாளிக்குத் திருப்தி. கணவர்கூட ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, பரவாயில்லை என்றார். எனக்குத்தான் உட்கார முடியவில்லை. தலைக்கு மேலே கூரை முழுக்கக் கொடுவாள்கள், சோகையோ பழையது, காற்றடித்தால் சரசரக்கும். தூளியை அவிழ்த்து ஒரு மூங்கில் உள்ளே தள்ளிக் கட்டினேன். மறுநாள் இன்னும் ஒரு மூங்கில். அதற்கும் மேல் தள்ளினால் மேசையிலிருந்து அவனைக் கை எட்டித் தொட முடியவில்லை. மறுபடி ஒரு மூங்கில் முன்னால் கட்டினேன். அவன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். கொட்டாயின் மூங்கில்களில் மட்டும் கயிறு தேய்ந்த தடம் மூன்று நான்கு இடங்களில் இருக்கிறது.