பச்சைப் பூ பியரும் பதினொரு கிழமையும்

நீங்கள் செத்துப்போன பியரைக் குடித்துவிட்டு, அது பிறக்கும்போதே செத்திருந்தது என்று எழுதினீர்கள். பலெர்மோவில் நடந்த அந்தப் போட்டியின் தலைமை நடுவர் நீங்கள். மாதப் பத்திரிகையில் பியர் பற்றி எழுதுகிறவரும் நீங்கள்தான். உங்கள் பெயரை நான் எழுதப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

"காயவைக்காத ஹாப்ஸ் போட்ட பியருக்குத் தனி வகை கேட்கிறார்கள். நாளைக்குச் செவ்வாய்க்கிழமை காய்ச்சிய பியருக்கும் தனி வகை கேட்பார்கள்" என்று எழுதியிருந்தீர்கள். வாசித்தவர்கள் சிரித்திருப்பார்கள். நான் அதைக் குவெஸ்துரா என்ற பொலிஸ் அலுவலகத்தின் வாசலில், பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதிக்கான வரிசையில் நின்று வாசித்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து 2002இல் இந்த ஊருக்கு வந்தவன். நான்கு வருடம் வீடுகளில் தரை துடைத்தேன். பிறகு நகர ஓரத்தில், சியாகுல்லியில் ஒரு சின்ன பியர் ஆலையில் வேலை கிடைத்தது. தொட்டி கழுவ வேண்டும், போத்தல் அடுக்க வேண்டும், தோட்டத்தையும் பார்க்க வேண்டும். தோட்டத்தில் மாண்டரின் ஆரஞ்சு மரங்களுக்கு நடுவே நாற்பது ஹாப்ஸ் கொடிகளை முதலாளி நட்டிருந்தார். பியருக்குக் கசப்பும் வாசமும் தருவது அதன் பூதான். பெருவிரல் அளவில் செதில் செதிலாகப் பச்சையாக இருக்கும். எல்லோரும் அதைக் காயவைத்து வருடம் முழுவதும் பாவிப்பார்கள். எங்கள் முதலாளிக்கோ பறித்த அன்றே பச்சையாகப் போட்டுக் காய்ச்ச வேண்டும் என்று பிடிவாதம். அந்த பியர் பேர் எடுத்தால் கொடிகளைப் பத்து மடங்காக்குவேன், உனக்கு வருட ஒப்பந்தம் எழுதித் தருவேன் என்றார். ஒப்பந்தம் இருந்தால் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கலாம். அந்தப் பூவில் எனக்கு இருந்த அக்கறை அவ்வளவுதான்.

அந்தக் கொடிகள் எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2007 ஜூனில் ஒருநாள் காலை சட்டையைக் கழற்றிக் கம்பியில் போட்டுவிட்டு மாண்டரினுக்குத் தண்ணீர் கட்டப் போனேன். மத்தியானம் திரும்பி வந்தபோது கொடியின் நுனி கம்பியை விட்டு விலகிச் சட்டையின் கைக்குள் நுழைந்திருந்தது. மாலையில் சட்டைக் கையைச் சுற்றி ஒன்றரைச் சுற்று. இழுத்தபோது விடவில்லை. தண்டு முழுக்கச் சின்னச் சின்னக் கொக்கிகள். என் கையில் கீறிய இடம் ஒரு கிழமை, ஏழு நாளும் தடித்துக் கிடந்தது. அது ஒரு நாளைக்கு ஒரு சாண் வளரும், பிடிமானம் தேடி வட்டம் போடும் என்று முதலாளி விளக்கினார். விளக்கம் சரிதான். அதற்குப் பிறகு நான் அதற்கு முதுகு காட்டி உட்காருவதில்லை.

ஓகஸ்ட் கடைசியில் முதல் அறுவடை. முதலாளி சாமான் வாங்க வேறு ஊருக்குப் போனவர் அன்று திரும்பி வரவில்லை. நானும், பூப் பறிக்க வந்த எங்கள் ஊர் அக்கா ஒருவரும் மட்டும். அவர் காலையில் வீடுகளில் வேலை செய்துவிட்டு வருகிறவர். பத்துச் சாக்கு பறித்தோம். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் புகையிலைத் தோட்டம் இருந்தது. இலையைக் குவித்துச் சாக்குப் போட்டு மூடினால் குவியல் சூடேறும், இலை பதப்படும். எனக்குத் தெரிந்தது அதுதான். களஞ்சிய அறையில் பூவையெல்லாம் கொட்டிக் குவித்து நன்றாக மூடினேன்.

மறுநாள் மத்தியானம். ஆபிரிக்காப் பக்கத்துச் சுடுகாற்று அடித்து ஓய்ந்திருந்தது. நாய்கூடக் குரைக்கவில்லை. அக்கா குவியலில் கை வைத்தார்.

"தம்பி, இஞ்சை வா. உதிலை கையை வைச்சுப் பார்."

ஆளுக்குக் காய்ச்சல் அடித்தால் நெற்றி சுடுமே, அப்படிச் சுட்டது.

"சூடேறத்தானே வேணும் அக்கா. புகையிலைக்கு இப்பிடித்தானே செய்யிறனாங்கள்."

"புகையிலை சூடேறும், ஓம். ஆனா உது மூச்செல்லோ விடுது."

"காத்தாயிருக்கும்."

"எங்கையடா காத்து? வெளியிலை ஒரு இலையாவது ஆடுதோ பார்."

சாக்கு மெல்ல மேலெழுந்து தாழ்ந்ததை நான் கண்டேன். பூ அமுங்கிச் சரிந்திருக்கலாம். ஆனால் இரண்டு தரம், மூன்று தரம் கண்டேன். கொஞ்சம் இருந்து பார்ப்போம் என்று சுவரோடு உட்கார்ந்தோம். எப்போது நித்திரையானோம் என்று இருவருக்கும் தெரியாது. ஹாப்ஸ் நித்திரை கொடுக்கும் என்று பிறகுதான் அறிந்தேன். கண் விழித்தபோது முதலாளி குவியலுக்கு மேல் குனிந்து நின்றார். சாக்கு நீங்கியிருந்தது. பூவெல்லாம் தவிட்டு நிறம். ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

"பூவைக் கேட்டேன். நீ பிணத்தை வைத்துக் காவல் காத்திருக்கிறாய்" என்றார்.

அது என் பிழை. அந்த வருடம் பச்சைப் பூ பியர் இல்லை. பச்சையாக இருப்பதுதான் அந்தப் பூவின் முழு விஷயம் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

அடுத்த வருடம் விடியப் பறிக்கத் தொடங்கினோம். மத்தியானத்துக்கு முன் பூ கொதிக்கிற தொட்டிக்குள் போய்விட்டது. செப்டெம்பரில் முதல் போத்தலைத் திறந்தபோது அறைக்குள் அந்தத் தோட்டமே வந்து நின்றது. நசுக்கிய இலை, மாண்டரின் தோல், கொடியில் இருந்த அந்தப் பசைகூட. அக்கா குடிக்கமாட்டார். கிளாஸை மணந்து பார்த்துவிட்டு மேசையில் தள்ளி வைத்தார்.

"ஆரோ வந்து பக்கத்திலை நிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார்.

உங்கள் போட்டிக்கு முதலாளி விண்ணப்பித்தார். படிவத்தில் இதற்கு இடம் இல்லை. தனி வகை வேண்டும் என்று ஓரத்தில் எழுதிவிட்டு, வெளிறிய ஏல் என்ற வழக்கமான பியர் வகையின் பெட்டியில் குறியிட்டார். செப்டெம்பர் முடிவில் போத்தல்களை ஒப்படைக்க வேண்டும், நடுவர்களின் சுவைச் சோதனை டிசெம்பரில். அதுவரை உங்கள் ஆட்களின் கிட்டங்கியில் கிடக்கும். அதுவரை இது தாங்குமா என்று நான் முதலாளியிடம் கேட்டேன். "பியர் என்ன மீனா, அழுகிப்போக?" என்றார்.

நாங்கள் மிஞ்சிய போத்தல்களில் சனிக்கிழமைக்கு ஒன்றாகத் திறந்தோம். ஆறாம் கிழமை வரை வாசம் இருந்தது. ஏழாம் கிழமை அக்கா கிளாஸை மணந்து பார்த்தார். திரும்பவும் மணந்து பார்த்தார்.

"ஆள் போயிட்டுது."

"எங்கை அக்கா?"

"எனக்கென்ன தெரியும்? மூடி இறுக்கித்தானே கிடந்தது."

நான் குடித்தேன். கசப்பு இருந்தது, நுரை இருந்தது, நிறம் இருந்தது. ஒருவர் எழுந்து போன நாற்காலி போல இருந்தது. அதற்குப் பிறகு அந்த இடத்தில் ஈர வைக்கோல் வாசம் ஒன்று வந்து குடியேறியது. இரண்டும் ஒரே போத்தல், ஒரே பெயர்ச்சீட்டு.

உங்கள் சோதனை கபோ சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய மடத்தில் நடந்தது. கிளாஸ் தூக்க என்னையும் முதலாளி அனுப்பியிருந்தார். வெளியே மீன்காரன் கத்துவது அந்தச் சுவருக்குள் வரவேயில்லை. எந்த ஆலை என்று தெரியக்கூடாதென்று போத்தல்களை வெள்ளைத் துணியால் கழுத்துவரை சுற்றி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பன்னிரண்டு பேர் மணந்து பார்த்தார்கள், வாய்க்குள் வைத்தார்கள், துப்பினார்கள். பிறகு நீங்கள் பேசினீர்கள்.

"இதற்குள் யார் நனைந்த மெத்தையைப் போட்டது?"

பதினொரு பேரும் சிரித்தார்கள். அது எங்கள் போத்தல் என்று எனக்கு மணத்திலேயே தெரிந்தது.

"சிஞ்ஞோர், துணியை எடுத்துத் தேதியைப் பாருங்கோ. பதினொரு கிழமை" என்றேன். என் இத்தாலியன் உங்களுக்கு விளங்கும் அளவுக்கு நல்லது.

நீங்கள் என் ஏப்ரனைப் பார்த்தீர்கள். "எங்களுக்கு வகைதான் தேவை. வயது தேவையில்லை. இன்னும் இரண்டு கிளாஸ் கொண்டுவா" என்றீர்கள்.

பத்திரிகை வந்த கிழமையே முதலாளி கொடிகளை வேரோடு தோண்டினார். ஒப்பந்தம் எழுதவில்லை. அக்காதான் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தில் சொல்லி என்னைச் சேர்த்துவிட்டார். அங்கே ஆறு மாதத்துக்கு மட்டும் எழுதித் தந்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான் வரிசையில் நிற்கிறேன்.

அங்கே தினமும் மீன் வெட்டுகிறேன், ஆகையால் இதைத் தெரிந்து சொல்கிறேன். எங்கள் ஆட்கள் மீனையும் கருவாட்டையும் ஒரே தராசில் வைத்து எது நல்லது என்று கேட்கமாட்டார்கள். கருவாட்டை நான் குறை சொல்லவில்லை. அது வேறு சாமான், அதற்கு வேறு சட்டி. மால்ட் தானியம் ஒன்று, ஈஸ்ட் ஒன்று, பூவும் ஒன்று, ஆகவே பியரும் ஒன்று என்று நீங்கள் எழுதியது பாதி உண்மை. மற்றப் பாதி நாள்கணக்கு. ஆறு கிழமைதான் உயிரோடு இருக்கும் ஒன்றுக்கு அந்த ஆறு கிழமைக்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டும். தனி வகை என்று நான் கேட்பது இதைத்தான். பரிசு கேட்கவில்லை.

நான் கடிதம் போட்டேன். பதில் இல்லை. பத்திரிகை அலுவலகத்துக்கு நேரில் வந்தேன். ஆள் இல்லை என்றார்கள். உங்கள் மூக்குக்கண்ணாடி மேசையில் கிடந்தது. வீட்டுக்குப் பதில் அனுப்ப வேண்டாம், தொலைபேசியும் வேண்டாம். அதே பத்திரிகையில், அதே பக்கத்தில், உங்கள் பெயரைப் போட்டு எல்லோரும் வாசிக்கப் பதில் எழுதுங்கள்: அந்தத் துணியை நீக்கித் தேதியைப் பார்க்க ஏன் மறுத்தீர்கள்?