அணைக் காலண்டருக்கு ஆர்டர் பிடித்தேன்

“காலண்டருக்கு ஆர்டர் பிடிக்கிறவன் அடுத்த வருசத்தைச் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு இந்த வருசத்து வெயில்ல நடக்கணும்லே” என்பார் எங்கள் முதலாளியின் தகப்பனார். அப்புறம் செருப்பைப் பற்றி ஏதோ சொல்வார், மறந்துவிட்டது. மாதிரிப் பையோடு கடை கடையாக ஏறி இறங்கியவர்களுக்கு மீதி தெரிந்திருக்கும்.

கொழும்பிலிருந்து திரும்பி, சிவகாசியில் ஓர் அச்சகத்தில் சேர்ந்திருந்தேன். ஐம்பதுகளின் கடைசி, எங்கே பார்த்தாலும் அணைப் பேச்சு. சாமி படங்களுக்கு நடுவே ஓர் அணையும் போடலாம் என்று முதலாளியிடம் சொன்னது நான்தான். இரண்டு பாஷை படித்தவன் என்பதால், படத்துக்குக் கீழே அணையின் வரலாறும் நோக்கமும் தமிழில் ஆறு வரி, இங்கிலீஷில் ஆறு வரி எழுதியதும் நான்தான். ஆவணிக்குள் ஒரு ஆர்டராவது வராவிட்டால், படம் ஏற்றியிருந்த அச்சுக்கல்லைத் தேய்த்து அணையை அழித்துவிட்டு முருகனை ஏற்றிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார்.

பருப்புக்கடை

விருதுநகர்ப் பருப்பு வியாபாரி படத்தை எட்டப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். என் பன்னிரண்டு வரியையும் விரலால் அளந்தார். தன் பெயருக்கு மிஞ்சியது இரண்டு விரற்கடை என்று தெரிந்ததும் கேட்டார்:

“இது எங்க கடைக் காலண்டரா, அணைக்கட்டோட காலண்டரா அண்ணாச்சி?”

ஈரம்

நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனிக்காரர் கலர் சோடா வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தார். வெளியே களத்தில் வெடி காய்ந்துகொண்டிருந்தது. அத்தனை மதகும் திறந்து நுரை தள்ளும் படத்தை அவர் முன்னால் விரித்தேன். மனிதருக்கு முகம் மாறிவிட்டது.

“எங்க கம்பெனி பேருக்கு மேல இம்புட்டுத் தண்ணியத் தொறந்து விட்டா, சரக்கு நமத்துப்போச்சுன்னு வாங்குறவன் நெனைக்க மாட்டானா?”

லட்சுமி

திருத்தங்கல் ஜவுளிக்கடைக்காரரின் சம்சாரத்துக்குப் படம் பிடித்திருந்தது. ஆனால் எதற்குச் சூடம் காட்டுவது என்றார். அணைமேல் லட்சுமி நின்றால் எடுத்துக்கொள்வார்களாம். ஆர்டர் ஆசையில் எங்கள் ஓவியரிடம் ஓடினேன். அணைக்கே போய் ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்து வந்தவர் அவர். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

“அம்மாவுக்கு ரெண்டு கையில தாமரை, ஒரு கையில காசு. மிச்சக் கையில மதகுச் சாவியக் குடுத்துரவா?”

கரிசலில்

ஆவணி கடைசி வாரம், சாத்தூருக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமம். பலசரக்குக் கடைக்காரர் தமிழ் ஆறு வரியையும் எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்தார். வெள்ளத்தில் கடலுக்கு ஓடிய ஆற்றை மறிக்க எத்தனை காலம் யோசித்தார்கள், தேக்கிய தண்ணீர் கோடையில் எந்தெந்த ஊர் வயலுக்கும் குடத்துக்கும் போகும் என்பதெல்லாம் அதில் இருந்தது. சாமான் வாங்க வந்த வெள்ளாமைச் சம்சாரிகள் நாலைந்து பேர் நின்று கேட்டார்கள். முடித்ததும் கடைக்காரர் ஊர்ப்பெயர்கள்மேல் மறுபடி விரலை ஓட்டி, தங்கள் ஊர் எங்கே என்றார்.

வாய்க்கால் இந்தப் பக்கம் திரும்பவில்லை என்று சொல்லிவிட்டுப் படத்தைச் சுருட்டப் போனேன். கல்லில் முருகன் ஏறிவிட்டார் என்றுதான் நினைத்தேன். கடைக்காரர் பிடித்த ஓரத்தை விடவில்லை. இருநூறு என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்.

“தண்ணிதான் இங்கன வராதுன்னுட்டீக. படமாவது வந்து தொங்கட்டும்.”

அச்சகத்துக்குத் திரும்பியதும், வரலாறு, நோக்கம் என்று எழுதிய பன்னிரண்டு வரியையும் எடுத்துவிட்டு, தண்ணீரை அந்தக் கடைப் பெயரும் ஊர்ப் பெயரும் வரும் இடம்வரைக்கும் இறக்கி வரையச் சொன்னேன் ஓவியரிடம்.