திண்டுக்கல் அச்சகத்தில் சிவகாசிக்கு வழி சொன்னவன்

அச்சுத் தொழிலில் மை கையில் ஒட்டினால் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிடலாம். தப்பான தாளில் அடித்துக் கொடுத்த பாவத்தைத் துடைக்க எந்த எண்ணெயும் கிடையாது. கவுண்டரில் உட்கார்ந்து ஆர்டர் எழுதிப் பிழைத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பரிதாபப்பட்டால் போதும்.

எண்பதுகளில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் அச்சகத்தில் எனக்கு அந்த வேலை. வருகிறவர் கேட்பதைக் கேட்டு, எந்தத் தாள், எத்தனை ஜி.எஸ்.எம். கனம், எந்த மிஷின் என்று எழுதி உள்ளே அனுப்ப வேண்டும். உள்ளே காலால் மிதிக்கிற ட்ரெடில் ஒன்று, முதலாளி கடன் வாங்கிப் போட்ட பழைய சிலிண்டர் மிஷின் ஒன்று. கலர் படம் என்றால் ரெண்டுமே சரிப்படாது. அப்படி வருகிறவர்களிடம் "சிவகாசிக்குப் போயிருங்க, அங்க ஆப்செட் மிஷின்ல கலர் நல்லா வரும்" என்று சொல்லிவிடுவேன். முதலாளி மூன்று தடவை பொறுத்தார். நாலாவது தடவை கூப்பிட்டார். "வர்றவன் என்ன கேக்குறானோ அதை அடிச்சுக் குடு. இன்னொரு ஆர்டரைத் திருப்பி அனுப்புனே, அதுக்குப் பின்னாடியே நீயும் போயிரு" என்றார். வீட்டில் என் மனைவிக்கு ஏழாம் மாதம். எனக்கு அச்சடிப்பதைத் தவிர ஒரு மண்ணும் தெரியாது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

கனமான மரியாதை

வாயைப் பொத்திய மறுநாளே ஒட்டன்சத்திரத்துக் காய்கறி மண்டிக்காரர் வந்தார். பில் புக் வேண்டும், ஒரு பில்லுக்கு மூன்று தாள், நடுவில் கார்பன் வைத்து எழுதுவார்கள். அதற்கு மெல்லிசுத் தாள்தான் போட வேண்டும். அவரோ மாதிரித் தாள்களை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இருந்ததிலேயே மொத்தமானதை எடுத்து வைத்தார். "பில்லைக் கையில வாங்குனா ஒரு மருவாதி வேணுமுங்க" என்றார். சொல்லலாமா என்று நாக்கு துடித்தது. முதலாளி பக்கத்து மேஜையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். எழுதிக்கொண்டேன்.

பத்து நாளில் பில் புக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். முதல் தாளில் தக்காளி இருக்கிறது. இரண்டாவதில் தக்காளியின் நிழல் இருக்கிறது. மூன்றாவது, விவசாயி கையில் கொடுக்கிற தாள், சலவை செய்த வேட்டி மாதிரி வெள்ளையாக இருக்கிறது. பாவம், கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. விரலை நீட்டிக் காட்டினார், நுனி சிவந்து கன்றிப் போயிருந்தது. "ஏனுங்க, இதுல பேனாவுல எழுதோணுமா, உளியில எழுதோணுமா?"

ஒட்டாத மஞ்சள்

வேடசந்தூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மகள் கல்யாணப் பத்திரிகைக்கு வந்தார். மதுரையில் யாரோ கொடுத்த பத்திரிகை ஒன்று கையில் இருந்தது. முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு. "இதே மாதிரிதான் வேணும்" என்றார். பளபளப்பு அட்டை இருந்தது, அடித்தோம், நன்றாகத்தான் வந்தது. அறுநூறு கார்டையும் துண்டில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு சந்தோஷமாகப் போனார்.

மறுநாள் அதே துண்டோடு வந்து நின்றார். வீட்டில் பொம்பளைகள் சுற்றி உட்கார்ந்து நாலு மூலைக்கும் மஞ்சள் தடவியிருக்கிறார்கள். அந்த வழவழப்பில் மஞ்சள் நிற்குமா? ஈரமாக இருக்கும்போது உருண்டு ஓடியது. காய்ந்ததும் பொரிந்து உதிர்ந்தது. அட, இது எனக்குத் தோன்ற வேண்டாமா? எத்தனை வருஷமாகக் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறோம்! தலையில் அடித்துக்கொண்டேன். மிஷின்மேன் சவரிமுத்துதான் வழி கண்டுபிடித்தார். ஆசாரிமார் மரம் இழைத்த பிறகு தேய்ப்பார்களே, அந்த உப்புத்தாளை வாங்கி வந்து, நானும் அவரும் பெரியவரும் உட்கார்ந்து அறுநூறு கார்டுக்கும் மூலை மூலையாகத் தேய்த்து வழவழப்பை எடுத்தோம். மத்தியானச் சாப்பாடு கிடையாது. "செத்த நேரம் ஓய்வெடுங்கய்யா" என்றால் பெரியவர் கேட்கவில்லை. "மஞ்ச இல்லாம நீட்டுனா, கல்யாணத்துக்குக் கூப்புடுறேனா கருமாதிக்குக் கூப்புடுறேனான்னு கேப்பான்ல அப்பு?"

சேலையில் விலாசம்

சின்னாளபட்டியிலிருந்து நெசவுக் குடும்பத்துக்காரர் ஒருவர், என் வயதுதான் இருக்கும், சேலை மடிப்பில் வைக்கிற லேபிள் கேட்டார். முதன்முறையாகச் சொந்தப் பெயரில் சேலை விற்கப் போகிறார். பளபளப்புத் தாள், பச்சை மை என்று ஆசைப்பட்டார். அந்தத் தாளில் மை சீக்கிரம் காயாது. ரெண்டு மூன்று நாள் பரப்பிப் போட வேண்டும். சொரசொரப்பான தாள் என்றால் மையைக் குடித்துவிடும், பயமில்லை. இது அத்தனையும் எனக்குத் தெரியும். "நாளைக்கே வேணும்ணே" என்றார். "நாளைக்கே குடுத்துருவோம்" என்று முதலாளி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். நான் தலையாட்டினேன்.

சேலைகளை அடுக்கி, லேபிளை வைத்து, மேலே பாரம் ஏற்றிக் கட்டியிருக்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் பன்னிரண்டு சேலையில் அவர் பெயரும் ஊரும் பச்சையாக, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடவலம் மாறிப் பதிந்திருக்கிறது. வெள்ளை உடம்புச் சேலைகள். துவைத்தாலும் போகாது. சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் சண்டை போடவில்லை. ஒரு சேலையை மட்டும் மேஜையில் விரித்து, மடிப்பு கலையாமல் நீவிவிட்டார். "முந்தி இருக்கு, பார்டர் இருக்கு, இப்ப விலாசமும் இருக்கு. யார்ணே கட்டுவா?"

முருகன் உதடு

மார்கழியில் பழனியிலிருந்து ஓர் அம்மா வந்தார். பஞ்சாமிர்தக் கடை புதிதாகப் போட்டிருக்கிறார். தைப்பூசத்துக்குக் கூட்டம் வருவதற்குள் டப்பாவில் ஒட்ட லேபிள் வேண்டும், ராஜ அலங்காரத்தில் முருகன், நாலு கலர். எங்கள் மிஷினில் கலருக்கு ஒரு தடவையாக நாலு தடவை ஓட்ட வேண்டும். மயிரிழை நகர்ந்தால் போச்சு, முருகன் உதடு கன்னத்துக்குப் போய்விடும். தாளும் நெய்யில் ஊறிக் கறுத்துவிடும். முதலாளி இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சிலிண்டர் மிஷின் ரெண்டு நாளாகச் சும்மா நிற்கிறது.

எழுதுவதற்குப் பேனாவைத் திறந்தேன். சத்தியமாக எழுதத்தான் நினைத்தேன். கை ஓடவில்லை. "அம்மா, இது நம்ம மிஷினுக்கு ஆகாது. சிவகாசிக்குப் போங்க. ஆப்செட்ல அடிச்சு, எண்ணெய் ஊறாம மேல வார்னிஷ் போடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வீடு ஞாபகம் வந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், படத்தைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். "ஏனுங்க முதலாளி, இவரு உங்க ஆளுங்களா, சிவகாசிக்காரங்க ஆளுங்களா?"

வெளியாள்

முதலாளி அன்றைக்கு வெற்றிலைப் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு நேரத்தோடு கிளம்பிவிட்டார். என் வீட்டில் நான் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் குளித்து, நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு போனேன். கணக்கு முடிக்கப் போகிறவன் கசங்கிய சட்டையில் போக வேண்டாமே. முதலாளி தன் அறைக்குள் கூப்பிட்டு, "கதவைச் சாத்திட்டு உக்காரு" என்றார். ஒன்பது வருஷத்தில் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. முடிந்தது கதை என்று உட்கார்ந்தேன்.

மேஜை டிராயரிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். அவர் மகள் கல்யாணம், மாசியில். பத்திரிகையில் மேலே மீனாட்சி கல்யாணப் படம், கலரில் வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டிருக்கிறார்களாம். "என்கிட்ட வேலை பாக்குறவன்னு நினைக்காம வெளியாளா இருந்து சொல்லு. இதை எங்க அடிச்சா நல்லா இருக்கும்?" என்றார். அறைக் கதவின் கண்ணாடி வழியாக சிலிண்டர் மிஷினைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். "சிவகாசிதான், முதலாளி" என்றேன். வெற்றிலையின் நரம்பைக் கிள்ளிப் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "சரி, நீயே போய்க் குடுத்துட்டு வந்துரு. கார்டுக்கு அடியில அந்த சிவகாசி பிரஸ் பேரு மட்டும் போட வேணாம்னு மறக்காமச் சொல்லு."

அதற்குப் பிறகும் பதினோரு வருஷம் அதே மேஜையில் உட்கார்ந்து, வந்தவர்களில் பாதிப் பேருக்கு வேறு ஊருக்கு பஸ் நேரம் சொல்லி அனுப்பிவிட்டு, ஒண்ணாந்தேதி தவறாமல் சம்பளம் வாங்கியவன் திண்டுக்கல்லிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.