மூன்றாவது கையெழுத்து

டிசம்பர் நடுவில்தான் கல்லூரிகளின் முன்முடிவுகள் வரும்; அதுவரை லொரேன் பாவ்லிக் நாட்காட்டியையே பார்த்துக்கொண்டிருப்பாள். பென்சில்வேனியாவின் அந்தச் சிற்றூர்ப் பள்ளியில் பத்தொன்பது வருடமாக அவள்தான் கல்லூரி ஆலோசகர். முந்நூற்றுச் சொச்சம் பிள்ளைகளுக்கு அவள் ஒருத்தி.

முன்கூட்டியே முடிவு கேட்கிறவர்கள் ஒரே கல்லூரிக்குத்தான் அப்படி விண்ணப்பிக்கலாம். இடம் கிடைத்தால் அங்கேயே சேர வேண்டும். அந்த உறுதிமொழியில் பிள்ளை, பெற்றோர், ஆலோசகர் என்று மூன்று கையெழுத்து. இடம் கிடைத்தபின் வேறு கல்லூரிக்கு மார்க் அனுப்ப மாட்டேன் என்பதற்குத்தான் ஆலோசகரின் கையெழுத்து. மூன்றாவது கையெழுத்தை ஒருநாளும் பொய்யாக்கியதில்லை என்று முன்பெல்லாம் லொரேன் பெருமையடித்துக்கொள்வாள்.

போன வருடம் ப்ராக் ஹால்டமன் என்ற மாணவனுக்கு இப்படி ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. கிடைத்த கையோடு இன்னும் பெரிய கல்லூரி மேல் கண் போயிற்று. பள்ளி மைதானத்து ஸ்கோர்போர்டு அவன் அப்பா உபயம்.

"அந்தக் காலேஜுக்கும் மார்க்கை அனுப்பிடு, லொரேன்," என்றார் பிரின்சிபால். "அந்தாளு போர்டைக் கழட்டிட்டுப் போனா, நீ வந்து சாக்பீஸ்ல ஸ்கோர் எழுதுவியா?"

லொரேன் அனுப்பினாள். பையன் அந்தப் பெரிய கல்லூரியையே எடுத்துக்கொண்டான். மே மாதத்தில், முதலில் இடம் கொடுத்த கல்லூரியிலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள்.

"உங்க பள்ளிக்கூடத்துக் கையெழுத்தை இனிமே நாங்க எப்படிங்க நம்பறது?"

கத்தக்கூட இல்லை. அதுதான் சுட்டது.

அந்தப் போன் வந்த கல்லூரிக்கே இந்த வருடம் டெலியா ஹோஸ்டெட்லர் முன்முடிவு கேட்டு விண்ணப்பித்தாள். அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. இப்படியொரு மூளையை அந்தப் பள்ளி பார்த்ததே இல்லை. வேறு இடம் பார் என்று லொரேன் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டுவிடுவாளே! வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள், பாவி.

மாலை ஐந்து மணிக்கு முடிவு. தனியாகப் பார்க்கப் பயந்து, டெலியா லொரேனின் அறையில் உட்கார்ந்திருந்தாள். பார்த்துவிட்டுப் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். வசந்தத்தில் உன் விண்ணப்பத்தை மறுபடி பார்க்கிறோம் என்றுகூட அவர்கள் சொல்லவில்லை. ஒரேயடியாக இல்லை என்றுவிட்டார்கள்.

"எங்கிட்ட என்ன மிஸ் குறை?"

ப்ராக்கின் பெயரைச் சொல்லாமல், லொரேன் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"இந்த வருஷம் போட்டி ரொம்ப ஜாஸ்திம்மா."

"இல்ல மிஸ், கட்டுரையிலதான் சொதப்பிட்டேன்." டெலியா மூக்கை உறிஞ்சினாள். "நீங்க அவ்ளோ நல்லா சிபாரிசு எழுதிக் கொடுத்தும் கோட்டை விட்டுட்டேன். உங்க பேரையும் கெடுத்துட்டேன். ஸாரி மிஸ்."

"பரவாயில்லம்மா," என்று அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டாள் லொரேன்.