படத்தில் இல்லாத கோடு

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் துணை மின்நிலையத்தில் யார் எந்தத் தாளை நீட்டினாலும், "கண்ணாடிய வூட்லயே மறந்துட்டேன்" என்று வருடக்கணக்காகச் சொல்லி வந்தவன் நான். வீட்டில் கண்ணாடி என்று எதுவும் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு இங்கிலீஷ் எழுத்து பிடிபடாது. அதை மறைக்கத்தான் அந்தக் கண்ணாடி. ஐம்பத்திரண்டு வயதில், உண்மையாகவே ஒன்று வாங்கக் கள்ளக்குறிச்சியில் ஒரு கடைக்குப் போனேன். சுவரில் இருந்த தமிழ் எழுத்துகளைப் படிக்கச் சொன்னார்கள். மூன்றாவது வரியில் போன் அடித்தது. "முடிஞ்சி போச்சி முருகேசு" என்றார் போர்மேன் வீட்டுக்கார அம்மா சகாயமேரி அக்கா. நம் போர்மேன் இருதயராஜ், தீக்காயத்தோடு ஒன்பது நாள் கிடந்து போய்ச் சேர்ந்துவிட்டார். கடைப் பெண், "மேல படிங்க" என்றாள். படித்தேன்.

அந்த வயதில் நான் ஏன் கண்ணாடி வாங்கப் போனேன் என்பதைத்தான் அவரை அறிந்த உங்களிடம் சொல்ல வேண்டும்.

எங்கள் கண்ட்ரோல் ரூம் சுவரில் சிங்கிள் லைன் படம் மாட்டியிருக்கும். கரண்ட் எங்கிருந்து வருகிறது, எந்தெந்த சுவிட்சைத் தாண்டி எந்த ஊருக்குப் போகிறது என்று கோடு கோடாகக் காட்டும் படம். அதன் ஆணியில் நான் துண்டு மாட்டுவேன். இருதயராஜ் மாற்றலாகி வந்த முதல் வாரமே துண்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"யோவ், இதுல நம்ம லைன் எதுன்னு காட்டு."

"கண்ணாடிய வூட்ல..."

"கோட்டுக்கு இன்னாத்துக்குய்யா கண்ணாடி? வெரல வையி."

நான் வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஆளா? "கம்பத்துல மூணு கம்பி போவுதுங்க. படத்துல ஒண்ணுதான் இருக்குது. மிச்சம் ரெண்ட வித்துட்டாங்களா போர்மேன்?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "மூணும் ஒண்ணாத்தான் வரும், ஒண்ணாத்தான் நிக்கும். அதான் ஒரே கோடு. ஆளக் கொல்ல அது போதும்" என்றார்.

பின்னிக்கொண்ட இரண்டு வளையல் தெரிந்தால் டிரான்ஸ்பார்மர். கோடு அறுந்து, கதவு போலச் சாய்ந்து நின்றால் திறந்த சுவிட்ச். கரண்ட் கிளம்பும் இடத்தில் விரலை வைத்து, எடுக்காமல் நடத்திப் போக வேண்டும். திறந்த சுவிட்சில் விரல் நின்றுவிட வேண்டும். ஏறப்போகும் கம்பத்துக்கு ஏதாவது ஒரு வழியில் விரல் போய்ச் சேர்ந்தால் ஏறக்கூடாது. "வெரல் போனா கரண்ட் போவும்." அவர் நடத்திய பாடம் அவ்வளவுதான். தினமும் ஒவ்வொருவர் விரலையும் நடக்கவிட்டுத்தான் ஜீப்பில் ஏற்றுவார். "அப்பிடியே மை வெச்சி வுடுங்க, ஓட்டும் போட்டுட்டு வந்துர்றோம்" என்பேன்.

ஒரு புயலுக்குப் பிறகு கல்வராயன் மலை லைனில் வேலை. கச்சிராயபாளையம் பக்கத்து சுவிட்சை நானே திறந்துவிட்டுக் கம்பத்தில் கால் வைத்தேன். "வெரலு?" என்றார். பையில் மடித்து வைத்திருந்த படத்தின் நகலை விரித்தார். நடத்தினேன், நின்றது. "இப்ப அந்தாண்டேர்ந்து வா" என்றார். மலை ஊர்களுக்காக இரண்டு நாள் முன்பு மறுபக்கத்திலிருந்து இணைப்புக் கொடுத்திருந்ததை நான் மறந்திருந்தேன். விரல் எங்கும் நிற்காமல் நான் ஏற இருந்த கம்பத்துக்கே வந்தது. அன்று முழுவதும் நான் யாரையும் கேலி பேசவில்லை. அதற்காகவே எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

கடைசி வேலையும் அதே மலையில்தான். மரம் விழுந்து கம்பி அறுந்திருந்தது. படத்தில் விரல் வைத்தவன் நான். இரண்டு பக்கமிருந்தும் நடத்தினேன். இரண்டும் நின்றன. "போவல போர்மேன்" என்றேன். என் முழங்காலைப் பார்த்துவிட்டு, "நீ ஏறிக்கினு இருக்கறதுக்குள்ள பொழுதே போயிடும், நில்லு" என்று அவரே ஏறினார். கரண்ட் வரும் பக்கத்துக் கம்பியைப் பூமியோடு சேர்க்கும் ராடை மாட்டினார். அறுந்த கம்பியின் அடுத்த பக்கத்துக்கு மாட்டத் திரும்பினார். அந்தப் பக்கம், மரவள்ளிக் கிழங்கு அரைக்கும் ஒரு கொட்டகையில் அந்த நேரம் பார்த்து ஜெனரேட்டரைப் போட்டார்கள். அதை லைனிலிருந்து பிரிக்கும் சுவிட்ச் அங்கே இல்லை. ஜெனரேட்டர் கரண்ட் டிரான்ஸ்பார்மர் வழியாகப் பின்னோக்கி ஏறி வந்தது. அவர் தோள் கம்பியில் பட்டது. பெல்ட்டில் தொங்கினார். ஜெனரேட்டரை நிறுத்த வைத்த பிறகு, முழங்கால் வலியோடு ஏறி நான்தான் இறக்கினேன்.

ஒன்பது நாளும் எனக்கு ஒரே கேள்வி. அந்த ஜெனரேட்டருக்கான கோடு படத்தில் இருந்தும் என் கண் அதை விட்டுவிட்டதா? கண்ணாடி அதற்குத்தான். மறுநாள் கைக்கு வந்தது. அதைப் போட்டுக்கொண்டு முதலில் பார்த்தது, பெட்டிக்குள் இருந்த அவர் முகத்தை.

கல்லறைத் தோட்டத்தில் மேரி அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒரு நாளு நல்லாப் பேசினாரு. 'முருகேசன் வெரலு சரியாத்தான் நடந்துச்சி, படந்தான் தப்பு. அத வரைஞ்சி வெக்கச் சொல்லு'ன்னாரு." நான் ஏதாவது சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்தார். எப்போதும் சொல்கிறவன்தானே.

நேராகக் கண்ட்ரோல் ரூமுக்குப் போய்ப் படத்தை மூன்று முறை பார்த்தேன். அந்தக் கோடு இல்லை. மனசு ஆறும் என்று நினைத்திருந்தேன், ஆறவில்லை. இஞ்சினியரிடம் அனுமதி கேட்டு, ஜெனரேட்டருக்கு ஒரு சின்ன வட்டமும் லைன் வரைக்கும் ஒரு கோடும் போட்டேன். இத்தனை வருட வேலையில் நான் வரைந்த முதல் கோடு. மலையில் இன்னும் எத்தனை வட்டம் வரையப்படாமல் இருக்கிறதோ; கொட்டகை கொட்டகையாகப் போய்ப் பார்த்து வருகிறோம். அவருடையது என்று என்னிடம் இருப்பது இந்த ஆள்காட்டி விரல் ஒன்றுதான்.

வரைந்ததைத் தள்ளி நின்று பார்க்கப் பின்னால் நகர்ந்தபோது, கண்ணாடி நழுவி, தரையில் மூடி திறந்திருந்த, கரண்ட் கேபிள் ஓடும் பள்ளத்துக்குள் விழுந்தது. உள்ளே கணுக்கால் அளவு மழைத் தண்ணீர். இறங்கப் போனேன். பிறகு திரும்பி வந்து படத்தில் விரல் வைத்தேன். விரல் எங்கும் நிற்காமல் அந்தப் பள்ளத்துக் கேபிள் வரைக்கும் வந்தது. கண்ணாடி அங்கேயே கிடக்கிறது. அடுத்த மாதம் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில் எடுத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.