சீல் உடையாத பெட்டி

பொம்மைக்கு விலை சொல்வது என் பிழைப்பு. அதுவும் பொம்மையைத் தொடாமலே. கை கால் மடங்கும் ஆக்‌ஷன் ஃபிகர் செட்டுகளைச் சேலத்தில் உள்ள என் சின்னக் கடைக்குக் கொண்டுவருவார்கள். கேட்கிற விலைக்கு அது தகுமா என்று நான் சொல்ல வேண்டும். முதலில் பார்ப்பது பெட்டியின் சீலை. அது உடைந்திருந்தால் பாதி விலைகூடத் தேறாது. இந்த ஒரு விதியை ஊருக்குப் புரியவைப்பதற்குள் எனக்கு முடி கொட்டிவிட்டது. வீட்டில் செட் வைத்திருக்கும் சகோதரர்களே, உங்கள் கதியும் இதுதான் என்று தெரியும்.

சந்தனப் பொட்டு

ராசிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் ஆறு பெட்டிகளைப் படமெடுத்து போனில் அனுப்பினான். பெட்டிகள் பளபளவென்று இருந்தன. நல்ல விலை சொல்லி, வாங்க ஆளும் பிடித்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அம்மாவோடு வந்து, மூடியிருந்த துண்டை விலக்கினான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு பெட்டியிலும் சந்தனம், நடுவில் குங்குமம். ஈரத்தில் அட்டை உப்பிப் போயிருந்தது.

இடையில் ஆயுத பூஜை வந்துவிட்டதாம். தறிக்கும் பைக்குக்கும் வைத்த கையோடு அம்மா இதற்கும் வைத்துவிட்டார். "பொம்மைக்கு எதுக்கும்மா?" என்று கேட்டேன். அவர் என்னை விவரம் கெட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ஏனுங்க, அதுக கையில கத்தியும் துப்பாக்கியும் இருக்குதுங்களே, உங்க கண்ணுக்குத் தெரியலீங்களா?"

குடிலில் மூன்று பேர்

சேலத்திலேயே ஒரு ஆசிரியர், கத்தோலிக்கர். அவருடைய செட்டைப் பார்க்க வீட்டுக்கே போனேன். கிறிஸ்துமஸ் வாரம். முன்னறையில் அழகான குடில். குழந்தை இயேசுவுக்கு முன்னால் நின்ற மூன்று ராஜாக்களைக் குனிந்து உற்றுப் பார்த்தேன். நான் விலை சொல்ல வந்த செட்டின் ஆட்கள்! காலில் பசை, தோளில் வைக்கோல். ஆசிரியருக்கும் அப்போதுதான் தெரியும். பாவம், சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி காபி நீட்டியபடி நிதானமாகச் சொன்னார்:

"பழைய ராஜாங்க தலைய எலி கடிச்சிருச்சு சார், இவங்க மூணு பேருதான் நீளமா அங்கி போட்டிருந்தாங்க."

பன்னிரண்டு பெட்டி

போன மாதம் நாமக்கல்லிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். கூடவே அப்பா, ஓய்வு பெற்ற லாரி டிரைவர். மும்பைக்கு லோடு போகும்போதெல்லாம் அப்பா ஒவ்வொன்றாக வாங்கிவந்த பன்னிரண்டு பொம்மைகள். மகன் செல்போன் ரிப்பேர் கடை போடப்போகிறார். அட்வான்ஸுக்கு இதைத்தான் நம்பியிருந்தார். ஒவ்வொரு பெட்டியாகத் திருப்பிப் பார்த்தேன். ஒரு சீல்கூட உடையவில்லை. இப்படி ஒரு செட்டை நான் பார்த்ததே இல்லை. விலையைச் சொன்னேன். கடைக்கு அட்வான்ஸ் கொடுத்து மீதியும் இருக்கும். மகன் முகம் மலர்ந்தது.

அப்பா முகம்தான் வெளுத்துவிட்டது. "ஏஞ்சாமி, ஒண்ணக்கூடப் பிரிக்கலியா? உனக்குப் புடிக்கலியா?"

மகன் தலை நிமிரவில்லை. "புடிக்காம இல்லீங்கப்பா. நீங்க ஊட்டுல இருக்கறப்ப ரெண்டு பேரும் சேர்ந்து பிரிக்கலாம்னு வெச்சிருந்தேன். விடிஞ்சாப் போதும், லோடுன்னு கெளம்பிருவீங்க."

பெரியவர் ஒரு பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "ஐயா, ஒன்றைப் பிரித்தாலும் செட்டே போச்சு!" என்று கத்தினேன். அவர் மகனைப் பார்த்தார். மகன் தடுக்கவில்லை, நாற்காலியை அப்பா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பெரியவர் என்னிடம் கையை நீட்டினார்.

"இன்னிக்கு எனக்கு லோடு இல்லீங்க, கத்தரி இருந்தாக் குடுங்க."

விலை சொல்கிறவன் கடையில் கத்தரி வைத்திருக்கவே கூடாது என்பதுதான், சகோதரர்களே, இந்தத் தொழிலில் நான் கற்ற ஒரே பாடம்.