துர்மாதிரிகை என்றார் ஃபாதர்

தங்க நிறத்தில் இரண்டு குட்டிப் பாதங்கள். சட்டையில் குத்திக்கொள்ளும் பின்தான், என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. தவக்காலத்தில் எங்கள் பள்ளி ஆசிரியர்களுக்கு நடந்த ஒரு நாள் தியானம் முடிந்ததும், தாளாளர் ஃபாதர் ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் அதை ஒவ்வொன்றாக வைத்தார். கருவில் மூன்று மாதம்கூட நிறையாத குழந்தையின் பாதம் இந்த அளவுதான் இருக்கும் என்றார். வாங்கிய எல்லாருமே அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அறிவியல் டீச்சர் மட்டும் அதை அப்போதே புடவைத் தோளில் குத்திக்கொண்டாள். குத்தியவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். காலையிலிருந்து ஒருசந்தி நோன்பு இருந்ததால் தலைசுற்றல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளியின் பெயர் வேண்டாம். ராஜகீழ்ப்பாக்கத்தில் வேளச்சேரி சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நான் அங்கே தமிழும், கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வியும் எடுத்தேன். ஃபாதரைப் பற்றி நான் வன்மத்தில் எழுதவில்லை என்று சொன்னால் அது பொய். வன்மம் இருக்கிறது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பேச்சில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அறநெறியை ஊன்றிப் படித்தவர். மற்ற சாமியார்கள் தியானத்தில் பேசினால் பாதிப் பேர் தூங்குவோம், மீதிப் பேர் விடைத்தாள் திருத்துவோம். இவர் பேசினால் கேன்டீன் அக்காகூட வாசலில் வந்து நிற்பாள்.

அன்றைக்கு அவர் பேசியது, ஒரு செயலை நல்லது கெட்டது என்று எப்படித் தீர்மானிப்பது என்பதைப் பற்றி. மூன்றைப் பார்க்க வேண்டும் என்றார். செய்வது என்ன, எதற்காகச் செய்கிறோம், எந்தச் சூழ்நிலையில் செய்கிறோம். மூன்றும் சரியாக இருந்தால்தான் செயல் சரி. அதற்கு ஒரு பாயசக் கதை வைத்திருந்தார். பால் நல்ல பால், சேமியா நல்ல சேமியா, முந்திரி நெய்யில் வறுத்தது. ஒரே ஒரு பல்லி விழுந்துவிட்டது. “மத்ததெல்லாம் நல்லா இருக்கேன்னு குடிப்பீங்களா?” என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தி, நல்லது நடக்கும் என்பதற்காகக் கெட்டதைச் செய்யக் கூடாது, அவமானத்துக்குப் பயந்து ஓர் உயிரை அழிப்பதை எந்தச் சூழ்நிலையும் நல்லதாக்காது என்றார். பிறகுதான் அந்தப் பின்கள் வந்தன.

நாலைந்து நாள் கழித்து, இன்டர்வெல்லில் அந்த அறிவியல் டீச்சர் லேப் அறைக்குள் என்னைக் கூப்பிட்டு, தான் கர்ப்பமாக இருப்பதைச் சொன்னாள். கல்யாணம் செய்துகொள்கிறேன் என்றவன் பெங்களூருக்கு வேலை மாற்றிக்கொண்டு போய், போன் நம்பரையும் மாற்றிவிட்டான். குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் கருக்கலைப்புக்குக் கேட்டு, நாளும் குறித்து வைத்திருந்தாளாம். தியானத்துக்கு மறுநாள்தான் அந்த நாள்.

“போகலக்கா. அவர் சொன்னது அத்தனையும் நிஜம்னு பட்டுது. நானே பிள்ளைங்களுக்குக் கரு வளர்ச்சி படம் போட்டு நடத்தறவ. தெரியாதுன்னு எப்படிச் சொல்லிக்கிறது?” என்றாள். அப்பா இல்லாத வீடு. அவள் சம்பளத்தில்தான் அம்மாவும் அவளும் சாப்பிட்டார்கள். அதனால் மறைத்துவைத்து மாட்டிக்கொள்வதைவிட ஃபாதரிடமே போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். “இவருக்குப் புரியலன்னா வேற யாருக்குக்கா புரியும்?” என்று அவள் கேட்டபோது எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மேடையில் சொன்னதை அறையிலும் சொல்வார் என்று நம்பினோம். எங்களைப் போன்ற கோயில் பிள்ளைகள் செய்யக்கூடிய தப்பு இது. வெளியாள் யாராவது இருந்தால் முதலில் ஒரு வக்கீலைப் பார்த்திருப்பார்கள்.

பள்ளி விட்டபிறகு இரண்டு பேரும் அவர் அறைக்குப் போனோம். “உட்காருங்கம்மா” என்று அன்பாகத்தான் சொன்னார். டீ வரவழைத்தார். அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. குறித்து வைத்திருந்த நாளையும், அவர் பேச்சைக் கேட்டுப் போகாமல் விட்டதையும் சொன்னாள். அதைக் கேட்டு அவர் முகம் மலரும் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினார். பிறகு, “துர்மாதிரிகை” என்றார்.

பழைய ஞானோபதேச வார்த்தை அது. நம் நடத்தையைப் பார்த்து மற்றவர்கள் பாவத்தில் விழும்படி நடந்துகொள்வது என்று அர்த்தம். “பிள்ளைங்க பார்ப்பாங்க. பேரன்ட்ஸ் கேப்பாங்க. நாளைக்கு மேலிடத்துக்கு நான்தான் பதில் சொல்லணும்” என்றார். சட்டென்று குரல் இளகியது. “ஒண்ணு பண்ணுங்க. ஒரு மாசம் லீவ் எடுத்துக்குங்க. சம்பளத்தைப் பிடிக்க மாட்டேன். உடம்பைப் பாத்துக்குங்க. பழையபடி திரும்பி வாங்க. உங்க வேலை அப்படியே இருக்கும். நான் எதுவும் கேக்க மாட்டேன்.”

“பழையபடின்னா ஃபாதர்?”

“பழையபடிதாம்மா.”

“குழந்தையோட வந்தா?”

“அது வேற சூழ்நிலை.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவரிடம், “அப்போ, இல்லாம பண்ணிக்கினு வரச் சொல்றீங்களா?” என்று கேட்டாள். கோபம் வந்தால் அவள் பேச்சில் வீட்டுப் பாஷை வந்துவிடும். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நான் அப்படிச் சொன்னேனா? டீச்சர், நீங்களும்தானே இருக்கீங்க. அந்த வார்த்தை என் வாயிலேர்ந்து வந்துதா?”

வரவில்லைதான். அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. அவர் கத்தியிருந்தால், ஒழுக்கம் கெட்டவளே என்று திட்டி வெளியே அனுப்பியிருந்தால்கூடப் பழங்காலத்துச் சாமியார் என்று விட்டிருப்பேன். இவர் அப்படி அல்ல. செய்யச் சொல்லவும் வேண்டும், சொன்ன பாவமும் தன்மேல் ஒட்டக் கூடாது. அதற்குத் தகுந்தபடி ஒரு வாக்கியத்தைக் கழுவித் துடைத்து எங்கள் முன் வைத்தார். செயல், நோக்கம், சூழ்நிலை என்ற அந்த மூன்றையும் அத்தனை துல்லியமாகத் தெரிந்தவரால்தான் அப்படி ஒரு வாக்கியத்தைச் செய்ய முடியும். செய்வது அவள். நோக்கம் பள்ளியின் நல்ல பெயர். சூழ்நிலை என்ற சொல்லை மட்டும் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார். டீயில் ஆடை படிந்திருந்தது. அவர் அதை ஸ்பூனால் ஒதுக்கிவிட்டு நிதானமாகக் குடித்தார்.

அவள் லீவு எடுக்கவில்லை. புடவையை முன்னால் இழுத்து விட்டுக்கொண்டு, கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடும்வரை வந்தாள். தோளில் அந்தப் பின்னும் இருந்தது. ஸ்டாஃப் ரூமில் கிசுகிசுப்பு கிளம்பிய அன்று நான் தனியாக ஃபாதரிடம் போனேன். அந்தப் பாயசத்தில் பல்லி எது என்று நீங்களே சொல்லுங்கள் என்றேன். “ரொம்ப எமோஷனலா இருக்கீங்க டீச்சர். நிர்வாகத்தையும் போதனையையும் போட்டுக் குழப்பிக்காதீங்க” என்று சிரித்தார். அவர் சிரித்துப் பேசும்போது பற்கள் வரிசையாக, சுத்தமாக இருக்கும். அன்றிலிருந்து அந்தப் பற்களைப் பார்த்தாலே நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். கடைசி வேலை நாளில் அவளிடம் ராஜினாமாக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு, கூட்டம் போட்டு அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். சொந்தக் காரணங்களுக்காக நம்மை விட்டுப் பிரிகிறார் என்று மைக்கில் சொன்னார். கை தட்டினார்கள். அவள் அம்மா வாசலில் நின்றுகொண்டு, “இன்னாத்துக்குமா சால்வ? வேலய புடுங்கிகினு மாலய போட்றாங்களா?” என்று கேட்டது மரத்தடியில் இருந்த எல்லாருக்கும் கேட்டது.

என் கோபம் போதனைமேல் இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கேட்பவர்களில் பாதிப் பேர், இதற்குத்தான் கோயில் குளம் வேண்டாம் என்பது என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்தப் போதனையை அவள் வார்த்தை பிசகாமல் கடைப்பிடித்தாள். வேலை போகும், தெருவே பேசும் என்று தெரிந்தும் கடைப்பிடித்தாள். அதைச் சொல்லிக்கொடுத்தவர்தான் பள்ளியின் பெயர் கெட்டுவிடுமே என்று நடுங்கினார். அவளைக் கைவிட்டுப் போனவனைப் பற்றி அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை என்பதும் பிறகுதான் எனக்கு உறைத்தது. அவனுக்கு வயிறு மேடிட்டு வெளியே தெரியாது, ஆகவே அவனிடம் துர்மாதிரிகையும் கிடையாது. அடுத்த வருஷம் நானும் வேறு பள்ளிக்கு மாறிவிட்டேன்.

அவள் இப்போது சிட்லபாக்கத்தில், ஏரிக்குப் பக்கத்துத் தெருவில், வீட்டு மாடியில் டியூஷன் எடுக்கிறாள். பிளஸ் டூ பிள்ளைகள் செருப்பு விட இடம் இல்லாத அளவுக்கு வருகிறார்கள். மகள் மூன்றாம் வகுப்பு. வாய் அதிகம். ஞாயிற்றுக்கிழமை அவள், மகள், நான் மூன்று பேருமாகத் தாம்பரத்தில் பூசைக்குப் போவோம். அவள் கோயிலை விடவில்லை. “அவர் கோயிலாக்கா அது?” என்பாள்.

போன மாதம் ஒரு ஞாயிறு, குடும்பங்களுக்கான சிறப்புத் திருப்பலி என்றார்கள். பிரசங்கம் வைக்க வந்தவர் நம் ஃபாதர். இப்போது ஊர் ஊராகப் போய்க் குடும்ப வாழ்வைப் பற்றிப் பேசுவதுதான் அவர் பணியாம். தலை நரைத்திருந்தது, பாயசம் மாறவில்லை. நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்கும் வரிசையில் அவள் மகளோடு நின்றாள். புது நன்மை என்கிற முதல் நற்கருணையை இன்னும் வாங்காத பிள்ளைகளுக்குத் தலையில் கை வைத்து ஆசீர்வதிப்பது வழக்கம். ஃபாதர் அந்தப் பிள்ளையின் தலையில் கை வைத்தார். தாயைப் பார்த்தார். கை அங்கேயே நின்றது. எனக்கு அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது.

பூசை முடிந்து நான் வண்டியை எடுக்கும்போது பின்னாலேயே வந்துவிட்டார். அவள் அதற்குள் மகளோடு ஆட்டோவில் ஏறியிருந்தாள். “டீச்சர், அது நம்ம சயின்ஸ் டீச்சர்தானே? குழந்தையைக் காப்பாத்திட்டாங்க பார்த்தீங்களா!” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பு என்று சொல்ல மாட்டேன், நிஜமாகவே கலங்கியிருந்தது. நடித்திருந்தால் எனக்கு இத்தனை அருவருப்பு வந்திருக்காது. “அன்னைக்கு நான் பேசின பேச்சு ஓர் உயிரைக் காப்பாத்தியிருக்கு. அடுத்த மாசம் பெரிய மாநாடு வெச்சிருக்கோம். அவங்க குழந்தையோட மேடைக்கு வந்து சாட்சியம் சொன்னா, எத்தனை பேர் மனசு மாறும்! நீங்க கேட்டுச் சொல்லுங்க” என்று நம்பரைக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். மாடிக் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு யோசித்தாள்.

“வரேன்னு சொல்லுங்கக்கா. பேச்சைக் கேட்டு நான் ஆஸ்பத்திரிக்குப் போகாம விட்டதை நான் சொல்றேன். நிஜம்தானே, அதை மறைக்க வேணாம். அதுக்கப்புறம் ரூம்ல இன்னா நடந்துதுன்னு அவர் சொல்லட்டும். அதே மேடையில, அதே மைக்ல, என் பக்கத்துல நின்னுகினு” என்றாள்.

அங்கிருந்தே போன் போட்டு, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அவரிடம் சொன்னேன். தியானத்தில் குரலைத் தாழ்த்துவாரே, அதே குரலில் பேசினார். “வேண்டாம் டீச்சர். எனக்காகச் சொல்லல. அந்தக் குழந்தையை நினைச்சுப் பாருங்க. அது இதையெல்லாம் கேட்டா என்ன ஆகும்? அந்தக் குழந்தை நல்லா இருக்கணும், எனக்கு அதுதான் முக்கியம்.”

“எந்தக் குழந்தை ஃபாதர்? அந்த ‘வேற சூழ்நிலை’யா?” என்று கேட்டேன். அவர் போனை வைத்துவிட்டார்.